உபதேசியாரின் திங்கட்கிழமை

தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்னச் சபையில் 11 வருஷமாக உபதேசியாராக, அதாவது குருவானவருக்குக் கீழே சபையைக் கவனிக்கிற ஊழியனாக, இருக்கிறேன். விடியற்காலை நாலரைக்குக் கோயில் மணி அடிப்பதில் தொடங்கினால் வீடு சந்திப்பு, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கு ஜெபம், காணிக்கைக் கணக்கு, ராத்திரி குடும்ப ஜெபம் என்று போய்க்கொண்டே இருக்கும், டிசம்பர் வந்துவிட்டால் வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து வீடு திரும்பும்போது கிழக்கு வெளுத்துவிடும். வேலையை முடித்தவனுக்குத்தான் ஓய்வு என்று நினைத்திருந்தேன். ஊழியத்தில் வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது?

ஒரு வருஷம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை முடிந்த மறுநாள். மூன்று ராத்திரி அடுப்படியிலும் பந்தலிலும் நின்ற உடம்போடு, நடமாட்டம் குறைந்த ஒரு பாட்டியின் வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு "பரலோக பிதாவே" என்றது நினைவிருக்கிறது, அப்புறம் ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது தலைக்கடியில் மடித்த சேலை இருந்தது, வெயில் வாசலை விட்டுத் திண்ணைக்கு ஏறியிருந்தது. பதறி எழுந்தேன். பாட்டி, "நீரு செத்த நேரம் படும் ஐயா, ஜெபத்த நான் பண்ணிட்டேன்" என்றாள். மருமகள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

அந்தக் காப்பியைக் குடிக்கும்போதுதான் எலியாவின் ஞாபகம் வந்தது. வேதாகமத்தில் அவன் கதை வரும் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பத் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை அதற்குப் பிறகுதான். தூக்கமும் சாப்பாடும் அவன் சம்பாதித்ததல்ல, நடப்பதற்கு முன்னாலேயே கொடுக்கப்பட்டது. இதை நான் பிரசங்கத்தில் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறேன்.

டோனாவூருக்கு ஒரு தடவை போயிருந்தேன். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் சாகும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார்கள், பல புத்தகங்களை அங்கிருந்துதான் எழுதினார்கள். கல்லறைக்குத் தலைக்கல் இல்லை, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி நிற்கிறது. அங்கே வெகுநேரம் நின்றேன். நடக்க முடியாத வருஷங்களையும் ஆண்டவர் ஊழியமாகவே எடுத்துக்கொள்கிறார் என்றால், நான் ஒரு மதியம் படுத்தால் சபை இடிந்துவிடும் என்று நினைப்பது விசுவாசமா என்ன?

இப்போது திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் வெளியே போவதில்லை. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள், எங்கள் வட்டாரச் சபைகளுக்குக் குருவானவரான சேகரத்து ஐயரிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். ஆனால் இதைச் சட்டமாக்கிக்கொள்ளவும் எனக்கு இஷ்டமில்லை. போன மாதம் ஒரு திங்கட்கிழமை மூன்று மணிக்குச் சாவுச் செய்தி வந்தது. போனேன், அடக்கம் முடிய இருட்டிவிட்டது. மறுநாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தேன். ஆள் வீட்டில் இருப்பது தெரியக்கூடாதென்று வாசலில் கிடந்த என் செருப்பை மனைவி உள்ளே எடுத்து வைத்தாள்.