ஊட்டிக்குப் போன கேப்

மே 8, 2024, புதன், சென்னை

பெட்டி கட்டி முடிந்தபாடில்லை. வண்டியில் ஊட்டி போகிறவர்களுக்கு நேற்றிலிருந்து இ-பாஸ் கட்டாயமாம். நாங்கள் ரயில் என்பதால் பிழைத்தோம். ஸ்வெட்டருக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். ஆனால் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லை யார் கவனிப்பது? ஆறு வருஷத்துக்கு முன்னால் ரூட் கெனால் செய்து, பல்லுக்கு மேல் உறை மாதிரி கேப் போட்டது. நாக்கால் தள்ளினால் லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறது. பல் டாக்டர் இரண்டு தெரு தள்ளித்தான். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

மே 9, வியாழன், நீலகிரி எக்ஸ்பிரஸ்

இட்லி முடிந்ததும் பையனைப் பல் தேய்க்க இழுத்துப் போனேன். ரயில் குழாய்த் தண்ணீரை வாயில் விடப் பயம். நுரையைத் துப்பினால் போதும், அலசவே வேண்டாம், அலசினால் பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடும் கூடவே போய்விடும் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். ரயிலில் இதைவிட வசதி வேறென்ன.

அத்தை பல் செட்டைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றித் தலையணை அடியில் வைக்கப் போனார். உலர்ந்தால் கெட்டுப்போகும் என்று பையனின் டிபன் டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டுக் கொடுத்தேன். "என் டப்பாவிலா!" என்று அவன் போட்ட சத்தத்தில் எதிர் பெர்த்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மே 10, வெள்ளி, ஊட்டி

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு மலை ரயில். 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். குகை வரும்போதெல்லாம் பெட்டியே கத்துகிறது. மூன்றாவது குகையோ நாலாவதோ, நாத்தனார் கொடுத்தனுப்பிய கோவில்பட்டி கடலை மிட்டாயைக் கடித்தேன். இருட்டில் கடலை மாதிரி இல்லாத ஒன்று வாயில் உருண்டது. நல்லவேளை, விழுங்கவில்லை. வெளிச்சம் வந்ததும் பார்த்தால் உள்ளங்கையில் என் கேப், உள்ளே பொட்டுக்கடலை நிறத்தில் பழைய சிமெண்டு.

வலி துளியும் இல்லை. நரம்பை எடுத்த பல்லுக்கு வலி எங்கிருந்து வரும்? அதனால்தான் அலட்சியமாகவும் இருந்துவிட்டேன். இவர் "ஃபெவிக்விக் வாங்கி ஒட்டிவிடலாமா?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதுதான் கவலை.

குன்னூரில் சிக்னல் கிடைத்ததும் சென்னை டாக்டருக்குப் போன் போட்டேன். பசை கிசை எதுவும் கூடாதாம். கேப்பைப் பத்திரமாக எடுத்து வை, சும்மா பொருத்திக்கொண்டு தூங்காதே, மூச்சுக்குழாயில் போய்விடும். மறுபக்கம் மென்று சாப்பிடு, மீதி இருக்கும் பல் உடைந்தால் பழைய கேப் உதவாது, ஓரிரு நாளில் அங்கேயே யாரிடமாவது ஒட்டிக்கொள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "போன வாரமே வந்திருக்கலாமே" என்றார். கேப் இப்போது என் பொட்டு டப்பாவில் இருக்கிறது.

மே 11, சனி

2,240 மீட்டர் உயரத்தில் காலைக் குழாய்த் தண்ணீர் பல்லில் பட்டால் உச்சந்தலை வரை ஏறுகிறது. கீசர் தண்ணீரை வெதுவெதுப்பாகக் கலந்துதான் எல்லோரும் தேய்த்தோம்.

காலை டிபனில் அடுத்த கூத்து. பொங்கலில் மிளகு சிக்கியதென்று அத்தை செட்டைக் கழற்றி மறுபடியும் டிஷ்யூவில் வைத்தார். தட்டெடுக்க வந்த ஹோட்டல் பையன் டிஷ்யூவோடு வாரிப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. சமையல்கட்டு வாளியில், சாம்பார் மிச்சத்துக்கு நடுவே, அத்தையின் மேல்வரிசை எங்களைப் பார்த்துச் சிரித்தது. இவர் உடனே கொதிநீரில் போடலாம் என்றார். போட்டிருந்தால் அக்ரிலிக் வளைந்து செட் வாயிலேயே உட்காராது. சோப்பும் பிரஷும் போட்டு நாலு தடவை கழுவினேன். அத்தை மத்தியானம் வரை அதை வாயில் வைக்கவில்லை.

அப்புறம் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு பல் டாக்டர் கிடைத்தார். கேப்பைச் சுத்தம் செய்து, பல்லைக் காயவைத்து, கடிக்கச் சொல்லிப் பார்த்து, ஒட்டினார். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

பையன் கதவோரம் நின்று, "என் பல் விழுந்தாலும் ஒட்டுவீங்களா?" என்றான். அவனுக்கு முன்பல் இரண்டும் புதிதாக முளைத்தவை. டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் பொறுப்பாகவே பதில் சொன்னார். பால் பல் என்றால் திருப்பி வைக்கக் கூடாது. நிரந்தரப் பல் அடிபட்டு வேரோடு வந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, லேசாக அலசி, உடனே குழியிலேயே வைத்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும், அரை மணிக்குள் வந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். "ஆவின் பாலா?" என்று கேட்டான். எந்தப் பாலும் சரியாம்.

மே 12, ஞாயிறு

ஹோம்மேட் சாக்லேட் ஒரு கிலோ வாங்கியாயிற்று. பையை நான் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டோடு நாலு துண்டு தின்றாலும் பரவாயில்லை, பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக நாள் முழுக்க நக்கினால் இனிப்பால் வாயில் உண்டாகும் அமிலத்தை எச்சில் ஆற்ற நேரமே கிடைக்காது. இதைச் சொன்னதற்கு வீட்டில் எனக்கு ஹிட்லர் பட்டம். வர்க்கிக்குத் தடையில்லை என்றதும் கொஞ்சம் தணிந்தார்கள். இங்கே பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, அதனால் ஸ்டீல் பாட்டிலை ரோட்டோர வாட்டர் ஏடிஎம்மில் நிரப்பி, தின்ற பிறகெல்லாம் இரண்டு மடக்கு குடிக்க வைத்தேன்.

மே 13, திங்கள், திரும்பும் ரயில்

பிரஷ்களை எண்ணினேன். மூன்றுதான். இவருடையது ரூம் பாத்ரூமிலேயே நின்றுவிட்டது. "உன்னுடையதைக் கொடேன், ஒரு தடவைதானே" என்கிறார். பேஸ்ட்டை விரலில் பிதுக்கிக் கொடுத்துவிட்டு மேல் பெர்த்துக்கு ஏறிவிட்டேன்.