கம்பள நூலுக்குள் ஒரு காற்றுக்குமிழி: ஸ்பார்க்கிள் பியூப்பா கட்டிப் பார்த்தது

தூண்டில் முள்ளில் நூலும் முடியும் சுற்றிப் பூச்சிபோலக் கட்டும் போலி இரைக்கு ஃப்ளை என்று பெயர். இந்தச் சுற்றில் கட்டியது எமர்ஜென்ட் ஸ்பார்க்கிள் பியூப்பா என்ற ஃப்ளை, 14-ஆம் எண் சிறு முள்ளில். ஆற்றடியில் கூட்டுப்புழுவாகக் கிடந்த கேடிஸ் பூச்சி சிறகு விரிக்க மேலே ஏறிவரும் அந்தச் சிறு பொழுதைக் காட்டும் ஃப்ளை இது. டிரவுட் மீன் பூச்சியை அதிகம் அள்ளுவதும் அப்போதுதான். அமெரிக்காவின் மொன்டானாவில் வாழ்ந்த ஃப்ளை மீன்பிடி எழுத்தாளர் கேரி லாஃபான்டெயின், ஸ்கூபா கருவியோடு ஆற்றுக்குள் இறங்கி, ஏறிவரும் பூச்சியின் மேல்தோலுக்குள் காற்று மின்னுவதைக் கவனித்தார். அதைப் பிடிக்க அவர் எடுத்த நூல் ஆன்ட்ரான். 1981-ல் அவருடைய புத்தகம் வந்தபின் அந்த நூல் ஃப்ளை கட்டுகிறவர்களிடம் பரவியது.

ஆன்ட்ரான் டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய நைலான். கம்பளங்களில்தான் அது பெயர் வாங்கியது. வட்டமான நைலான் இழை குட்டி லென்ஸ் மாதிரி. பின்னால் ஒட்டிய அழுக்கைப் பெரிதாக்கிக் காட்டிவிடும். இழை பிழியும் துளையை மும்மடல் வடிவில் அமைத்ததும் ஒளி சிதறி, அழுக்கு கண்ணுக்கு மறைந்தது. அதே மடல்கள்தான் தண்ணீருக்குள் ஒளியைத் தெறிக்கவிடுகின்றன. மடல்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் காற்றும் தங்குகிறது. கம்பளத்துக்குச் செய்த வேலை அப்படியே பூச்சிக்கும் பொருந்திப்போனது!

கட்டுமுன் நூலைச் சோதிக்க வேண்டும். ஆன்ட்ரான் என்று சீட்டு ஒட்டி வருவதெல்லாம் நைலானாக இருப்பதில்லை. இரண்டு டம்ளர் போதும். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் 100 மி.லி. தண்ணீருக்கு 36 கிராம் உப்பு. ஒரு செ.மீ. துண்டைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகப் பிசைந்து, காற்றை வெளியேற்றிவிட்டு இரண்டிலும் போட வேண்டும். பிசையாமல் போட்டால் ஒட்டியிருக்கும் காற்றே மிதக்கவைத்து ஏமாற்றும். பாலிப்ரொப்பிலீன் (அடர்த்தி 0.91) இரண்டிலும் மிதக்கும். பாலியெஸ்டர் (1.38) இரண்டிலும் மூழ்கும். நைலான் (1.14) வெறும் தண்ணீரில் மூழ்கி, உப்புத் தண்ணீரில் (சுமார் 1.2) மிதக்கும். அக்ரிலிக்கும் நைலானைப் போலவே நடக்கும். அதைச் சாயத்தில் பிரித்துவிடலாம். 200 மி.லி. தண்ணீர், இரண்டு ஸ்பூன் வினிகர், ஒரு சிட்டிகை உணவு நிறம், கொதிக்கவிடாமல் 15 நிமிடம். நைலான் நிறத்தைக் குடித்துக்கொள்ளும். அக்ரிலிக்கைக் கழுவினால் நிறம் போய்விடும்.

இனிக் கட்டு. 5 செ.மீ. நூலைப் பிரித்துச் சீப்பால் சீவி, இரண்டு கற்றையாக்கி, முள்ளின் வளைவு தொடங்கும் இடத்தில் ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே, நுனிகள் பின்னோக்கி நிற்கக் கட்டவேண்டும். உடலுக்கு டப்பிங், அதாவது கட்டு நூலில் திரித்துச் சுற்றும் இழைக் கலவை: அரை செ.மீ. அளவில் நறுக்கிய ஆன்ட்ரான் பாதி, முயல் முடி பாதி. கொஞ்சம் சொரசொரப்பாகவே சுற்றி, முள்ளின் காதுக்கு (தூண்டில் நூல் கோக்கும் வளையம்) 3 மி.மீ. பின்னாலேயே நிறுத்த வேண்டும். தலைக்கும் சிறகுக்கும் அந்த இடம் கட்டாயம் வேண்டும்.

ஃப்ளை பிழைப்பதும் கெடுவதும் அடுத்த படியில்தான். கீழ்க் கற்றையை முன்னே கொண்டுவந்து இரண்டே சுற்று, தளர்வாக. மேல் கற்றையையும் அப்படியே. இறுக்குமுன் ஊசியை உள்ளே விட்டு இழைகளைச் சுற்றிலும் பரப்பி, விரல் நுனியால் கற்றைகளை ஒரு மி.மீ. பின்னே தள்ளினால் உடலைச் சுற்றிக் குமிழி எழும். அதன் பிறகே இறுக்கம். மேலிருந்து நான்கைந்து இழைகளை முன்பக்கம் வெட்டி, வால்போலப் பின்னே விட்டால் அது உரிந்து தொங்கும் தோல்.

முதல் மூன்று கட்டும் தேறவில்லை. முதலாவதில் கற்றைக்கு 40 இழை. குமிழிக்குப் பதில் உள்ளுடல் தெரியாத உருண்டை. இரண்டாவதில் 20 இழை, ஆனால் இழுத்துக் கட்டியதால் உறைபோல ஒட்டிக்கொண்டது. மூன்றாவதில் குமிழி அருமை, பசைதான் கெடுத்தது: தலையில் வைத்த சொட்டு இழைப் பள்ளங்கள் வழியாக ஊறிப் பின்னே போய், எல்லாவற்றையும் ஒட்டிவிட்டது. பசையைத் தலையில் சொட்டாமல், கட்டு நூலில் மட்டும் மெல்லத் தடவி, விப் ஃபினிஷ் என்ற கடைசி முடிச்சைப் போட்டதும் அது நின்றது.

சிறகுக்கு மான் முடி, 15 முதல் 20 மயிர். ஜெல் ஸ்பன் நூலில் கட்டியபோது முடி முள்ளைச் சுற்றிச் சுழன்று கீழே போனது. அந்த நூல் பாலிஎத்திலீன். மெழுகு தடவாமல் எதையும் பிடிக்காது. பெரிய முள்ளில் மான் முடியை இறுக்கிக் கட்ட அதுவே சிறந்தது. 14-ஆம் எண் முள்ளுக்கு 8/0 என்ற மெல்லிய பாலியெஸ்டர் கட்டு நூல் போதும்.

கடைசிக் கட்டில் மான் முடிக்குப் பதில் பாலிப்ரொப்பிலீன் நூல். தண்ணீரைவிட லேசான பொருள் என்பதால் நனைந்தாலும் கனக்காது. ஆனால் மான் முடி விசிறிபோல விரிவது இதில் இல்லை. கற்றையைக் கட்டியபின் அடியில் இரண்டு சுற்று சுற்றித் தூக்கிவிட வேண்டும். மிதவைக் களிம்பு சிறகுக்கு மட்டும். குமிழியில் பட்டால் இழைகள் ஒட்டிப்போகும். மினுமினுப்பு அங்கேயே போய்விடும்.