கள ஆய்வு பழகப் போகிறீர்களா? முதலில் அங்கே தரும் பதிவுத் தாளை வாங்கிப் பாருங்கள்

பறவை எண்ணுவது, செடிகளை எண்ணத் தரையில் சதுரம் போடுவது, மரத்தின் சுற்றளவை நெஞ்சுயரத்தில் அளப்பது என்று எல்லாம் சொல்லித்தரும் ஒரு பயிற்சியில் சேர்ந்துதான் நான் இதற்குள் வந்தேன். பாடம் நன்றாகவே நடந்தது. ஆனால் கையில் கொடுத்த டேட்டா ஷீட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பறவையின் பெயர், எண்ணிக்கை, குறிப்பு, அவ்வளவுதான் கட்டங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம் இல்லை, தூரம் இல்லை, ஒன்றுமே தென்படாத சுற்றை எழுத இடமும் இல்லை. பனிக்காலம் முழுக்க அதில் எழுதியதைத் தூக்கிக்கொண்டு ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் முன்னால் உட்கார்ந்தால், என்னென்ன பறவை இருந்தது என்று பட்டியல் போடலாம், ஹெக்டேருக்கு எத்தனை என்று சொல்ல வழியே இல்லை.

ஏன் என்றால், பத்து மீட்டரில் இருக்கும் கொண்டைக்குருவி கண்ணில் பட்டுவிடும், எண்பது மீட்டரில் இருப்பது தப்பிவிடும். தூரம் கூடக்கூட எவ்வளவு தப்புகிறது என்பதை ஒவ்வொரு பறவைக்கும் குறித்த தூரத்தை வைத்துத்தான் கணக்கு கண்டுபிடிக்கிறது. அது இல்லையென்றால் குறைவாக இருந்ததா, குறைவாகத் தெரிந்ததா என்று பிரிக்கவே முடியாது. பூஜ்யமும் அப்படித்தான். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்பது வேறு, போகவே இல்லை என்பது வேறு. வெற்றுக் கட்டத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

சரி, புதிதாகத் தொடங்கலாம் என்று நகரத்துக்குள் வேலி போட்ட ஒரு பசுமை வளாகத்தில் அனுமதி கேட்டேன். பெயர் வேண்டாம். துறைத்தலைவர் கையெழுத்து போதும் என்றார்கள். கொண்டுபோனால் முதல்வர் முத்திரை எங்கே என்றார்கள். அதையும் வாங்கிக்கொண்டு போனால், நடக்கப்போகும் பாதையின் வரைபடம் இணைக்கவில்லையாம். "என்னென்ன வேணும்னு ஒரே தடவையில எழுதிக் குடுத்துடுங்க சார்" என்று கேட்டதற்கு அந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யார் போனாலும் விண்ணப்பத்தை இரண்டு பிரதியாக எடுத்துப்போய், தபால் பிரிவில் இரண்டாவது பிரதியில் தேதியோடு சீல் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை "இங்க வரவே இல்லையே" என்பார்கள்.

அந்த அனுமதி வருவதற்குள் சும்மா இருக்க மனமில்லாமல் சென்னையின் பள்ளிக்கரணைக்குப் போனோம். சதுப்புநிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ரேடியல் சாலையோரம் நின்று, ரேஞ்ச்ஃபைண்டரில் தூரம் அளந்து எண்ணினோம். நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, ஊசிவால் வாத்து என்று பதிவுக்குக் குறைவில்லை. ஆனால் எந்தத் தூரத்தில் எத்தனை என்று வரைபடம் போட்டால் கிட்டத்துக் கட்டங்கள் எல்லாம் காலி, நடுவில்தான் குவியல். ஆராய்ச்சி மாணவியான ஓர் அக்கா பார்த்துவிட்டு, "நீ அளந்தது பறவையையா, லாரி ஹாரனையா?" என்றார். வண்டிச் சத்தத்துக்குப் பறவைகள் விலகி உட்கார்ந்திருக்கின்றன. நாம் நிற்கும் புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பது எல்லாம் கண்ணில் படும், தூரத்தைப் பொறுத்துப் பறவை கூடிக் குறையாது என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. சாலையோரப் பதிவு சாலையோரத்தைப் பற்றித்தான் பேசும். 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம் என்பதற்காக முழுச் சதுப்புநிலத்துக்கும் அதை நீட்டிச் சொல்லக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதற்கு இன்றும் நன்றி.

அதே கோப்பில் இன்னொரு வேடிக்கையில்லாத விஷயம். மே 12, கத்திரி வெயிலில், ஊசிவால் வாத்துக் கூட்டம்! வலசை வரும் வாத்துக்கு மே மாதத்தில் இங்கே என்ன வேலை? குழுவில் ஒருவருடைய லேப்டாப் மாதத்தை முன்னால் வைத்துப் படித்ததால், 5/12 என்று எழுதிய டிசம்பர் 5 அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. 12க்கு மேற்பட்ட தேதிகள் தப்பித்ததால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். எக்செல் தொடவே முடியாது.

கடைசியில் கைகொடுத்தது எங்கள் கல்லூரி வளாகத்தின் முட்புதர்க்காடுதான். பாதைகளை விட்டு விலகி, சம இடைவெளியில் கோடு போட்டு, விடிந்ததும் நடந்தோம். தாளை நானே அச்சடித்தேன்: நேரம், மேகம், பார்த்தவர் பெயர், கோட்டிலிருந்து செங்குத்துத் தூரம், கூட்டமாக இருந்தால் கூட்டத்தின் அளவு. தவிட்டுக்குருவி தனியாக வராது, அதனால் கூட்டத்தைத்தான் ஒரு பதிவாக எடுக்க வேண்டும், ஒவ்வொரு குருவியையும் அல்ல. இதை எந்த வகுப்பிலும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணளவில் சொன்னால் எல்லோரும் 10, 20, 50 என்று முழு எண்ணுக்கே போவார்கள், அதனால் புதியவர்களுக்குத் தூரத்தை, இதிலிருந்து இதுவரை என்று பட்டைகளாகப் பிரித்துக் கொடுத்தேன்.

ஒரு இனத்துக்கு அறுபது எண்பது பதிவாவது இருந்தால்தான் இப்படிக் கோட்டில் நடந்து எண்ணும் முறையின் கணக்கு நிலையாக நிற்கும் என்பார்கள். கொண்டைக்குருவிக்கு அது கிடைத்தது. தூரம் கூடக்கூடக் கண்ணில் படும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்று காட்டும் வளைகோடு ஆர் மென்பொருளில், கிட்டத்தில் சமமாக ஓடி அப்புறம் மெதுவாக இறங்கியதைப் பார்த்தபோது ஆய்வுக்கூடத்தில் சத்தம் போட்டே கத்திவிட்டேன். செம்மார்புக் குக்குறுவானுக்கு இன்னும் பதிவு போதவில்லை. அதற்காக அடுத்த பருவமும் அதே கோடுகளில் நடக்கிறோம். தாள் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.