பாலாற்று மண்ணும் இரண்டு பாட்டில்களும்

ஜூலை 8

மூன்றாம் ஆண்டு வேதியியல் பிள்ளைகளுக்கு இம்முறை செய்முறை வகுப்பில் கரைத்து வைத்த உப்பைக் கொடுக்கப்போவதில்லை. பாலாற்றுப் படுகையிலிருந்து ஒரு சாக்கு மண் வந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பிள்ளைகளிடம் தோல் பதனிடுவதையும், அதன் கழிவோடு ஆற்றுக்கு வரும் குரோமியம் என்ற உலோகத்தையும் விளக்க வேண்டியதில்லை. சாக்கைப் பிரித்ததுமே ஒருவன் மேலாக ஒரு கரண்டி அள்ளிக்கொண்டு தராசுக்குப் போனான். "கருவியில் எப்போது வைப்போம், மேடம்?" எல்லோருக்கும் குரோமியத்தை அளக்கும் கருவி மேல்தான் கண்.

ஜூலை 10

உலர்த்திய மண்ணைச் சலிக்க ஸ்டோரிலிருந்து எவர்சில்வர் சல்லடை வந்தது. திருப்பி அனுப்பினேன். எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறது. நைலான் வலைதான் வேண்டும்.

சலித்ததைக் கூம்பாகக் குவித்து, உச்சியைத் தட்டி, நான்காக வகுந்து, எதிரெதிர்க் கால்பாகங்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "எல்லாம் ஒரே மண்தானே?" என்றார்கள். குனிந்து பார்க்கவைத்தேன். பருமணல் சரிவில் உருண்டு அடிக்குப் போயிருந்தது. நடுவில் மாவு போன்ற பொடி. உலோகம் பொடியோடுதான் அதிகம் ஒட்டும். உச்சியில் அள்ளினால் ஊரே நஞ்சு, ஓரத்தில் அள்ளினால் ஊர் சுத்தம்! விவசாயி வீட்டுப் பெண் ஒருத்தி சட்டென்று பிடித்துக்கொண்டாள்: "மூட்டைக்குள் குத்தி எடுத்துத்தானே வியாபாரி நெல்லைப் பார்ப்பார்."

ஜூலை 11

நைட்ரிக் அமிலத்தில் செரிமானம்: மண்ணைச் சூடாக்கி, உலோகத்தைக் கரைசலுக்குள் இறக்குவது. வற்றவிடக் கூடாது என்று தொண்டை வலிக்கச் சொன்னேன். மண் போடாமல் அமிலத்தை மட்டும் அதே வழியில் கொண்டுபோகும் பிளாங்க் எதற்கு என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அமிலத்திலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வரும் குரோமியத்தைக் கழிக்கத்தான்.

ஜூலை 15

சாக்கடை நீரில் கொஞ்சம் டைகுரோமேட், அதாவது ஆறாம் இணைதிறன் குரோமியம் உள்ள உப்பு சேர்த்து, இரண்டு பாட்டில்களில் பிரித்து வைத்திருந்தேன். ஒன்றில் மட்டும் அன்றே அமிலம் விட்டேன், மற்றதைக் காரத்தில் வைத்தேன். மொத்தக் குரோமியம் பார்க்க pH 2-க்குக் கீழே இறக்குவதுதான் முறை. நஞ்சு மிகுந்த வடிவமான ஆறாம் இணைதிறன் குரோமியத்தை மட்டும் பார்க்க வேண்டுமானால் அதே அமிலம் எமன்: நீரிலுள்ள கரிமப் பொருள் அதை மூன்றாம் இணைதிறனுக்கு இறக்கிவிடும். அதற்குக் காரத்தில், pH 9.3 முதல் 9.7-க்குள் வைக்க வேண்டும். இன்று இரண்டிலும் டைஃபீனைல்கார்பசைடு விட்டோம்; ஆறாம் இணைதிறன் குரோமியம் இருந்தால் ஊதா நிறம் காட்டும் மருந்து அது. காரத்தில் வைத்தது ஊதாவாக எழுந்தது. மற்றது வெளுத்துக் கிடந்தது. 540 நானோமீட்டர் அலைநீள ஒளியில் கருவி இரண்டையும் ஒரே சிரத்தையோடு அளந்து கொடுத்தது. குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். அந்த அளவில் பாட்டில் செய்யும் தவறே தீர்ப்பை மாற்றிவிடும். பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996-இல், இவர்கள் பிறப்பதற்கு முன்பு.

ஜூலை 17

செய்முறைத் தேர்வில் மதிப்பெண் முழுக்க விடைக்குத்தான். மாதிரி தயாரிப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்கத் துறையில் கேட்டேன். மூன்று மணி நேரத்தில் முடியாது என்கிறார்கள். மண்ணைப் பிரிப்பதற்கு மட்டுமாவது மதிப்பெண் கேட்டு, நாளை எழுத்தில் கொடுக்கிறேன்.