ஸ்வால்பார்ட் கடற்காக்கைகளைச் செயற்கைக்கோள் வழியே பின்தொடர்ந்த எட்டு மாதங்கள்

பறவையின் முதுகில் கருவியைக் கட்டிவிட்டால் போதும், அது போகிற வழி கணினித் திரையில் தானாகக் கோடு கோடாக வந்துகொண்டே இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கட்டுவது சில நாள் வேலை. வந்து விழுகிற புள்ளிகளில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வதில்தான் மற்ற மாதங்கள் எல்லாம் போயின. இந்த வேலைக்கு வர நினைக்கும் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், அவர்களுக்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் பின்தொடர்ந்தது தந்தநிறக் கடற்காக்கை. நார்வேக்காரர்கள் இதை இஸ்மோகே, அதாவது பனிக் கடற்காக்கை என்கிறார்கள், அந்தப் பெயர்தான் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. உடம்பு முழுக்க வெள்ளை, கால் மட்டும் கருப்பு. வருடம் முழுக்கக் கடற்பனியை விட்டு அதிகம் விலகாது. பனியின் விளிம்பில் மீன் பிடிக்கும், பனிக்கரடி தின்றுவிட்டுப் போன சீலின் மிச்சத்தைக் கொத்தும். 1980களில் இருந்ததை ஒப்பிட்டால் 2000களின் தொடக்கத்திலேயே கனடாவில் இதன் எண்ணிக்கை சுமார் 80 சதவீதம் விழுந்துவிட்டது. கூடு கட்டும் இடத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் பிடிபடாது, குளிர்காலத்தில் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். கப்பலும் போகாத, வெளிச்சமும் இல்லாத இடத்துக்குப் பின்னால் போய் யார் பார்ப்பது? 2007இல் கிரீன்லாந்தின் வடக்கிலும், நார்வேயின் வடதுருவப் பக்கத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டிலும், ரஷ்யாவின் தீவுக்கூட்டமான பிரான்ஸ் ஜோசப் நிலத்திலும் இந்தப் பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி கட்டியது அதற்காகத்தான். எங்கள் வேலை அதன் தொடர்ச்சி மாதிரி, சின்ன அளவில்.

ஜூலையில் போனோம். ஸ்வால்பார்ட் ஆளுநர் அலுவலகத்தின் அனுமதி, விலங்கு ஆய்வுக்கான தனி அனுமதி, இரண்டும் கையில் இருந்தால்தான் கூட்டை நெருங்கவே முடியும். ஒருவர் துப்பாக்கியோடு கரடிக் காவல் நிற்பார், மற்றவர்கள் வேலை பார்ப்போம். நான் கையில் பிடித்த முதல் பறவையைத் துணிப்பையில் போட்டுச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டபோது, பையின் எடை போக 570 கிராம். கருவியும் வாரும் சேர்ந்து உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நாங்கள் வைத்திருந்த கணக்கு, அப்படியானால் 17 கிராம். 1989இல் பியர் ஜுவந்தின், ஆன்ரி வைமர்ஸ்கிர்ச் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் தென் இந்தியப் பெருங்கடலின் குரோசே தீவில் அலைந்து திரியும் அல்பட்ரோஸ் என்ற பெரிய கடற்பறவைக்குக் கட்டிய கருவி 180 கிராம் இருந்தது, இந்தப் பறவையால் அதைத் தூக்கிக்கொண்டு எழும்பவே முடிந்திருக்காது.

வார் என்பது டெப்லான் நாடா. முதுகில் கருவியை வைத்து, இறக்கைக்கு இடம் விட்டு, நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்து முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் ஒரு சொட்டுப் பசை. இறுக்கிவிட்டால் தோலை அறுக்கும், தளர்ந்தால் இறக்கை மாட்டிக்கொள்ளும். நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும், ஆனால் லேசாகத்தான் நுழைய வேண்டும். என் விரலை உள்ளே விட்டபோது அதன் நெஞ்சு எவ்வளவு சூடாக இருந்தது என்பது இன்னமும் நினைவில் இருக்கிறது. வெளியே காற்று முகத்தை வெட்டியது, அந்த இறகுக்கு அடியில் மட்டும் அடுப்பங்கரைச் சூடு. இதயம் துடித்த வேகத்தில் எனக்கு அவசரம் வந்துவிட்டது. குழுத் தலைவர் தோளில் கை வைத்து, "நிதானமாகச் செய், இந்த முடிச்சோடு அது வருடக்கணக்கில் பறக்கணும்" என்றார். அவிழ்த்து மறுபடி போட்டேன். கருவிக்கு மின்சாரம் தரும் சூரியத் தகடு மறையாதபடி இறகுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, கையை விரித்தோம். கருவி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 72. அதனால் அந்தப் பறவைக்கு எழுபத்திரண்டு என்றே பெயர் நின்றுவிட்டது.

சரி, கருவி எப்படி இடத்தைச் சொல்கிறது? இதில் பலருக்கும் குழப்பம். போனில் இருக்கும் ஜிபிஎஸ் போல இது தன் இடத்தைத் தானே கணக்கிடுவதில்லை. நாங்கள் பயன்படுத்திய ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் முறையில் கருவி நிமிடத்துக்கு ஒரு முறை போல, 401.65 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி ஒரு சிறு செய்தியை மேலே அனுப்புகிறது, அவ்வளவுதான். சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில் போகிற செயற்கைக்கோள் பறவையை நெருங்கும்போது அந்த அதிர்வெண் கூடியும் விலகும்போது குறைந்தும் கேட்கும். பத்து நிமிடத்துக்குள் அது தாண்டிப் போய்விடும், அதற்குள் வந்த செய்திகளின் ஏற்ற இறக்கத்தை வைத்து இடத்தைக் கணக்குப் போட்டு நமக்கு அனுப்புகிறார்கள். துருவத்துக்கு இதில் ஒரு நல்ல காலம் உண்டு. இந்தச் செயற்கைக்கோள்கள் துருவங்களைத் தொட்டுத் தொட்டுச் சுற்றுவதால், ஒவ்வொன்றும் நாளுக்குச் சுமார் 14 முறை ஸ்வால்பார்ட் பக்கம் வந்து போகும். நிலநடுக்கோட்டுப் பக்கம் அவ்வளவு கிடைக்காது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஆர்க்டிக் ஆலா என்ற சிறு கடற்பறவை வருடத்துக்குச் சராசரியாக 70,900 கிலோமீட்டர் பறக்கிறது என்று 2010இல் கார்ஸ்டன் எகேவாங் குழு வெளியிட்டதே, அது செயற்கைக்கோளால் வந்ததல்ல. 1.4 கிராம் எடையில் வெளிச்சத்தைப் பதிவு செய்யும் கருவி அது. அந்தப் பறவையை அடுத்த வருடம் மறுபடி பிடித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். நம்முடையது பறவை திரும்பி வராவிட்டாலும் பேசும்.

பேசும், ஆனால் எல்லாவற்றையும் சரியாகப் பேசாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தரக் குறி வரும். 3 என்றால் பிழை 250 மீட்டருக்குள், 2, 1 என்று இறங்கி, 0 என்றால் 1500 மீட்டருக்கு மேல், அப்புறம் ஏ, பி, இசட். ஏ, பி என்றால் செய்திகள் போதவில்லை, பிழை எவ்வளவு என்றே சொல்ல முடியாது. எங்களுக்கு வந்ததில் பெரும்பகுதி பி தரம்தான். தரம் குறைந்ததையெல்லாம் தூக்கி எறிந்துவிடலாம் என்று முதல் வாரமே செய்து பார்த்தேன், செப்டம்பர் முழுவதும் காணாமல் போனது. அது தவறான வழி. செயற்கைக்கோள் போகும் தடத்துக்கு இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று கணக்குக்கு எப்போதும் இரண்டு விடை உண்டு, சில சமயம் தவறான விடையைத் தேர்ந்து அனுப்பிவிடும். அப்போது பறவை ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய் உடனே திரும்பியது போல ஈட்டி ஈட்டியாகத் தெரியும். அதற்கு வேக வடிகட்டி போட வேண்டும். ஆர் நிரல்மொழியில் அதற்கென்றே ஆர்கோஸ்ஃபில்டர் என்ற பொதி இருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் உச்ச வரம்பு வைத்தேன். அதிலும் வடிகட்டி தள்ளியதைக் கண்ணால் ஒரு முறை பார்க்காமல் விடாதீர்கள், பின்காற்றில் நிஜமாகவே வேகமாகப் போன பறவையை இரண்டு முறை அது தள்ளப் பார்த்தது.

எனக்கு அதிக நாளைத் தின்றது 180ஆவது தீர்க்கரேகை. கருவி 48 அக்டோபரில் சைபீரியாவுக்கு வடக்கே லாப்டெவ் கடல் தாண்டி, ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவில் இருக்கும் பெரிங் நீரிணைப் பக்கம் போனது. 2007இல் கட்டிய பறவைகளிலும் சில அந்த வழி போனவைதான். காலையில் படத்தைத் திறந்தால் கோடு பெரிங்கிலிருந்து உலகத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு கிரீன்விச் கோடு வரை வந்து திரும்பியிருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் நம்பினேன். தவறு என் கணக்கில் இருந்தது. கிழக்கே 179, மேற்கே 179, பக்கத்துப் பக்கத்து இடங்கள். ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல் என்று எழுதி, நடுவில் இருக்கும் இடத்துக்குச் சராசரி எடுத்தால் பூஜ்யம். துருவத்து வேலையில் அட்சரேகை தீர்க்கரேகையோடு நேரடியாகக் கணக்குப் போடாதீர்கள். முதலில் துருவத்தை நடுவில் வைத்த வரைபட முறைக்கு மாற்றி, மீட்டரில் கணக்கிட்டு, கடைசியில் திரும்ப மாற்றுங்கள். மாற்றியதும் அந்தக் கோடு பனி விளிம்பை ஒட்டி அழகாக வளைந்து வந்தது.

செப்டம்பர் நடுவில் கருவி 55 பிரான்ஸ் ஜோசப் நிலத்தில் ஒரே இடத்தில் நின்றது. செய்தியோடு வெப்பநிலை, மின்கல அழுத்தம், அசைவு எண்ணிக்கை மூன்றும் வரும். அழுத்தம் நன்றாக இருந்தது. அசைவு எண் நான்கு நாளாக மாறவில்லை. வெப்பநிலை 24இல் இருந்து இறங்கி பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. வார் கழன்றிருக்கலாம், பறவை செத்திருக்கலாம், அங்கே போய்ப் பார்க்க வழியில்லை. பதிவேட்டில் "நின்றது" என்று மட்டும் எழுதினோம். அந்த விரல் நுழைந்த இடத்தைப் பற்றித்தான் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன், அதன் வாரைக் கட்டியதும் நான்தான்.

எழுபத்திரண்டு விஷயம் வேறு. அது ரஷ்யாவுக்கு வடக்கே காரா கடலின் பனி விளிம்பு வரை கிழக்கே போய், அக்டோபரில் மேற்கே திரும்பி கிரீன்லாந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கருவி 10 மணி நேரம் பேசி 48 மணி நேரம் உறங்கும்படி அமைத்தது. நவம்பரில் அந்த 10 மணி நேரத்திலும் ஒன்றிரண்டு செய்திதான் வந்தது, மின்கல அழுத்தம் முறைக்கு முறை இறங்கியது, பிறகு ஒன்றுமே இல்லை. ஆனால் கடைசிச் செய்தி வரை அசைவு எண் ஓடிக்கொண்டிருந்தது, வெப்பநிலை 20க்கு மேல். தகடுக்கு வெயில் இல்லை, அதுதான் காரணம். துருவ இரவு சூரியக் கருவியை அணைத்துவிடும். இதை மரணம் என்று பதியக் கூடாது. டிசம்பர் வந்ததும் மாதாமாதம் போகிற செயற்கைக்கோள் கட்டணத்தைக் காட்டி, பேசாத கருவிகளின் கணக்கை மூடிவிடலாமா என்ற பேச்சு குழுவில் வந்தது. அழுத்தம் இறங்கிய வரைபடத்தை எடுத்து வைத்து, பிப்ரவரி முடியும் வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். நீங்களும் கட்டுவதற்கு முன்பே இந்த இருட்டு மாதங்களுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

ஜனவரி முழுக்க ஒவ்வொரு காலையும் அந்தப் பக்கத்தைத் திறந்து வெறும் நிரையைப் பார்த்து மூடினேன். பிப்ரவரி கடைசி வாரத்தில் ஒரு நாள் எழுபத்திரண்டுக்கு நேராக இரண்டு செய்திகள். தரம் பி. கிரீன்லாந்தின் தென்கிழக்குக் கரைக்கு வெளியே, பனி விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில். அசைவு எண் நவம்பரில் விட்டதற்கு எங்கேயோ போயிருந்தது, வெப்பநிலை 22.