மகளுக்குக் கோப்பு, மகனுக்குக் கடிதம்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எங்கள் பிள்ளைகள் இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். இங்கே 3, 5, 8ஆம் வகுப்புகளில் மொழிக்கும் கணக்குக்கும் தரப்படுத்தப்பட்ட தேர்வு ஒன்று எழுதியாக வேண்டும். 1988இல் வந்த 169ஆம் எண் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதற்கு முன்பு வீட்டுக்கல்விக்கே பள்ளி மாவட்டத்தின் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கண்காணிப்பாளர் மனது வைக்க வேண்டியிருந்ததாம்.

தேர்வைப் பெற்றோர் நடத்தக் கூடாது. அதனால் 2013இல் மகள் மூன்றாம் வகுப்பு வந்தபோது இன்னொரு குடும்பத்தோடு பேசி வைத்துக்கொண்டோம். அந்த அம்மா என் மகளுக்கு நடத்தினார், நான் அவர் மகனுக்கு நடத்தினேன். வாசிப்பில் நன்றாகவே செய்திருந்தாள். கணக்கில் 31ஆவது பெர்சென்டைல், அதாவது நூறு பேரில் 31 பேரை மட்டுமே தாண்டியிருந்தாள். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. பள்ளிக்கே அனுப்பச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

வீட்டில் படிக்கும் பிள்ளையை வருஷா வருஷம் ஒரு மதிப்பீட்டாளர் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். எங்கள் மதிப்பீட்டாளர் ஆசிரியர் சான்றிதழ் உள்ளவர். பிள்ளையிடம் உட்கார்ந்து பேசி, வருஷம் முழுக்க எழுதியதையெல்லாம் புரட்டிப் பார்த்தார். "சட்டத்தில் பாஸ் மார்க் என்று ஒன்று கிடையாதும்மா. பிள்ளை முன்னேறியிருக்கிறாளா என்பதுதான் கேள்வி. முன்னேறியிருக்கிறாள்" என்றார். அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் அன்றைய விதிப்படி அவர் சொன்னதோடு முடியாது. தேர்வு முடிவு, படித்த புத்தகங்களின் பட்டியல், எழுதிய தாள்கள் எல்லாம் சேர்ந்த அந்தத் தடித்த கோப்பு மாவட்ட அலுவலகத்துக்கும் போக வேண்டும். போனது. ஜூலையில் கடிதம் வந்தது: கணக்கில் இன்னும் மாதிரிகள் வேண்டுமாம். ஒரு முறை பார்த்துச் சான்று கொடுத்ததை, பிள்ளையை நேரில் பார்க்காத ஒருவர் மறுபடி எடை போடுவது எந்த விதத்தில் நியாயம்? இன்றும் எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது. கோப்பு திரும்பி வந்தபோது ஆகஸ்ட் முடிந்திருந்தது.

2014 அக்டோபரில் 196ஆம் எண் சட்டம் வந்தது. கோப்பை மதிப்பீட்டாளர் பார்த்தால் போதும், மாவட்டத்துக்கு அவருடைய சான்றுக் கடிதம் மட்டும் போனால் சரி என்று மாற்றினார்கள். தேர்வை எடுக்கவில்லை. அதே மூன்று வகுப்புகள், அதே இரண்டு பாடங்கள். முடிவு யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் மாறியது. எனக்கு அதுதான் எல்லாமே.

2018இல் மகன் மூன்றாம் வகுப்பு எழுதினான். முடிவு வந்தது, கோப்பில் வைத்தேன். மதிப்பீட்டாளர் அவனோடு ஒரு மணி நேரம் பேசினார். அப்புறம் ஒரு பக்கக் கடிதம், அவ்வளவுதான்.

இந்த வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேர்வைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். சில தேர்வுகளை நடத்துபவர் பட்டதாரியாக இருக்க வேண்டும், முன்கூட்டியே விசாரியுங்கள். கடிதம் ஜூன் 30க்குள் மாவட்டத்துக்குப் போக வேண்டும். மே மாதம் மதிப்பீட்டாளர்களிடம் நேரம் கிடைப்பது கஷ்டம், மார்ச்சிலேயே கேட்டு வையுங்கள்.