தகரத்துக்குக் கீழே: தன்லின் நாட்குறிப்பு

ஏப்ரல் 5, 2024, வெள்ளி

பர்மாவில், ரங்கூன் பக்கத்துத் தன்லினில் எங்கள் வீடு. மத்தியானம் 2 மணிக்குச் சுவர்த் தெர்மாமீட்டர் 39 காட்டியது. தகரம் டிக், டிக் என்று விரிகிற சத்தம் காலை 9 மணிக்கே தொடங்கிவிட்டது. முதல் மழையோடு மஞ்சளாகப் பூக்கிற படவுக் மரம் எதிர்வீட்டில் நிற்கிறது, அதில் இன்னும் மொட்டே இல்லை.

ஏப்ரல் 7

1 மணிக்கு வரும் கரண்ட் 5 வரை இருக்கும் என்றார்கள். வந்ததும் முதலில் பம்பைப் போடுவதா, அப்பாவுக்கு ஃபேனைப் போடுவதா என்று ஒரு நிமிடம் நின்றேன். இரண்டையும் சேர்த்துப் போட்டால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகுகிறது. பம்பைத்தான் போட்டேன். தண்ணீர் இருந்தால் துணி நனைக்கலாம். நனைந்த துணி இருந்தால் கைவிசிறியே போதும். 1:40க்குக் கரண்ட் போய்விட்டது. டிரம்மில் பாதி.

ஏப்ரல் 9

தூக்கம் வரவில்லை. எழுதுகிறேன்.

இந்த வீட்டுக்கு அப்பா முதலில் போட்டது டனி ஓலை. டனி ஒரு பனை வகை. உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடைக்கரைச் சேற்றில் வளர்கிறது. தண்டு மண்ணுக்குள்ளேயே கிடக்கும், ஓலை மட்டும் தென்னங்கீற்று மாதிரி மேலே எழும்பி நிற்கும். அந்த ஓலையை மூங்கில் குச்சியில் மடித்துத் தைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி அடுக்குவார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்காக அம்மா புலம்பாத வருஷம் இல்லை. ஆனால் சித்திரை மத்தியானத்தில் வயலிலிருந்து வந்து வாசற்படி ஏறினால் கிணற்றுக்குள் இறங்குவது போல இருக்கும். ஓலையின் அடுக்குக்குள் காற்று நிற்கிறது, அதனால் மேலே விழும் சூடு கீழே இறங்குவதில்லை. உள்ளே உள்ள சூடும் இடுக்கு வழியாக மேலே போய்விடுகிறது. தகரத்துக்கு இந்த இரண்டும் தெரியாது. வாங்கிய சூட்டை அப்படியே கீழே படுத்திருப்பவர் மேல் இறக்கும்.

2008இல் நர்கிஸ் புயல் அந்த ஓலையைக் கொண்டுபோனது. அப்பா மறுபடியும் ஓலையே போடலாம் என்றார். நான்தான் தகரம் என்று நின்றேன். அடுத்த புயலுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. தகரம் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது அவர் அதற்குக் கீழேதான் கிடக்கிறார். தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை.

ஏப்ரல் 10

படவுக்: இல்லை.

ஏப்ரல் 12

ஜன்னல் விஷயத்தில் இப்போது ஒரு ஒழுங்கு பிடித்திருக்கிறேன். காலை 8 மணிக்குள் எல்லாவற்றையும் சாத்திவிடுகிறேன். மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி. உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகுதான் தடுக்கிறோம், அது உதவாது. வெளியேயே தடுக்க வேண்டும். மாலை 7 மணிக்கு மேல் எல்லாவற்றையும் திறந்துவிடுவது.

ஜன்னலில் ஈரத் துணி கட்டச் சொல்லி மாந்தலேயிலிருந்து சித்தி சொன்னார். அங்கே காய்ந்த காற்று, துணி உலர உலரக் குளிர்ச்சி வரும். இங்கே கடல் பக்கம். காற்றே ஏற்கெனவே நனைந்திருக்கிறது. கட்டிப் பார்த்தேன், அறை புழுங்கியது. அவிழ்த்துவிட்டேன்.

அதே துணியை அப்பாவின் நெஞ்சிலும் கையிலும் போட்டு விசிறினால் மட்டும் பலன் இருக்கிறது. உடம்புச் சூட்டை விட அறைச் சூடு ஏறிவிட்டால் வெறும் ஃபேன் சூட்டைத்தான் உடம்பில் அடிக்கும். தோல் ஈரமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இப்போது வியர்ப்பதே இல்லை. அதுதான் பயம்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானும் சேர்ந்து வந்தது. தெருவில் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள், முன்பு போல இல்லை. எண்ணிப் பார்த்தால் எல்லாம் பன்னிரண்டு வயதுக்குக் கீழே. வாலிபப் பையன்கள் ஒருவரும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி, அப்வா என்றுதான் கூப்பிடுவோம், திஞ்சான் சோறு கொண்டுவந்தார். இங்குள்ள மோன் இனத்தவரின் சாப்பாடு அது. சோற்றைப் பலமுறை கழுவி, தேன்மெழுகுத் திரியின் புகை பிடித்த தண்ணீரில் ஊறவைத்து, கருவாடும் மாங்காயும் தொட்டுக்கொள்வார்கள். நம் பழைய சோற்றுக்குத் தூரத்துச் சொந்தம். அப்பா மாங்காய்ப் பச்சடி இரண்டு வாய், அந்தச் சோறு நான்கு வாய் சாப்பிட்டார். நான்கு! தண்ணீரையும் குடித்தார். அப்வா போகும்போது அப்பாவின் முதுகில் தனக்கா மரக்கட்டைச் சாந்து பூசிவிட்டுப் போனார். கட்டையைக் கல்லில் தேய்த்துக் கைச்சூடு படாமல் எடுத்துப் பூச வேண்டுமாம். முதுகு ஒரு மணி நேரம் குளுகுளுவென்று இருந்தது.

ஏப்ரல் 15

ஊரை விட்டுப் போன தம்பி இன்றும் போனில் பேசவில்லை.

ஏப்ரல் 20

தகரத்தின் மேல் கோணிச்சாக்கு விரித்துத் தண்ணீர் தெளித்தேன். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் எனக்குக் கால் நடுங்குகிறது, அதனால் கீழ் ஓரம் மட்டும்தான் எட்டியது. தண்ணீர் பட்டதும் தகரம் சீறியது. 39 இருந்தது 37 ஆனது. கால் மணி நேரத்தில் சாக்கு காய்ந்து மொறமொறவென்று நின்றது. ஒரு மத்தியானத்துக்கு அரை டிரம் தேவைப்படும். அரை டிரம்முக்கு நான் எங்கே போவேன்?

ஏற ஆள் வேண்டும். தம்பி இருந்தால் குரங்கு மாதிரி ஏறி முடித்திருப்பான். இந்தத் தெருவில் ஏறத் தெரிந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 23

சித்ரா பௌர்ணமி. கோயிலுக்குப் போகவில்லை. இங்கிருந்தே கும்பிட்டேன்.

ஏப்ரல் 26

ஐஸ் கம்பெனியிலிருந்து உமி போட்டு மூடிய பாளம் ஒன்று வாங்கிவந்தேன். அலுமினிய அண்டாவில் வைத்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தேன். அது கரைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அப்பா தூங்கினார். நாலு மணி நேரம் இருந்தது. தினமும் வாங்க முடியாது.

ஏப்ரல் 29

நேற்று நாட்டின் நடுப்பகுதியில் உள்ள சாவுக் ஊரில் 48.2. ஏப்ரல் மாதத்தில் இந்த நாட்டில் இதுவரை பதிவானதில் அதுதான் அதிகம் என்றார்கள். மாந்தலேயில் 44, ரங்கூனில் 40. சித்திக்குப் போன் போட்டேன். “தரையில் தண்ணி ஊத்திப் படுத்துக் கெடக்கோம் தாயி” என்றார்.

எனக்கு 48 என்றால் புரியவில்லை. 40இலேயே அப்பாவின் உதடு வெள்ளையாகிவிடுகிறது.

ஏப்ரல் 30

மேலத் தெருவில் ஒருவர் தகரத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அது உண்மை. அவர் வீட்டுக்குள் போய் நின்று பார்த்தேன், வித்தியாசம் தெரிகிறது. ஆனால் சுண்ணாம்பு நாளடைவில் தகரத்தின் பூச்சைத் தின்றுவிடும், முதல் நல்ல மழையிலேயே பாதி கரைந்தும் போகும். எனக்கு இன்னும் சில வாரம் தாண்டினால் போதும், மழை வந்துவிடும் என்று ஒரு மனசு சொல்கிறது. இன்னொரு மனசு அடுத்த வருஷத்தை நினைக்கிறது. அடுத்த வருஷம் அப்பா இருக்க வேண்டும். அதனால் ஓலைதான்.

மே 2

இதே ராத்திரி, பதினாறு வருஷம் முன்னால். ஓலை பிய்ந்துகொண்டு போகும்போது அப்பா எங்கள் மேல் கவிழ்ந்து படுத்திருந்தார். அவர் முதுகில் மழை விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

இன்று அவரிடம் கேட்டேன், “அப்பா, மறுபடி டனி போடட்டுமா?” என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை மட்டும் கொஞ்சம் தூக்கினார்.

மே 4

அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. ஓலை வேய ஆள் கிடைத்துவிட்டார்! சௌத்தான் பக்கத்துக்காரர், அறுபதுக்கு மேல் வயது. மாமா என்கிற அர்த்தத்தில் ஊலே என்று கூப்பிட்டேன். வீட்டைச் சுற்றி வந்தார், தகரத்தைத் தட்டிப் பார்த்தார். “தகரத்தை எடுக்க வேண்டாம், மேலேயே போடலாம். ஆனால் ஒட்டிப் போடக் கூடாது” என்றார். நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு மூங்கில் சட்டம், அதற்கு மேல் ஓலை. அந்த இடைவெளியில் காற்று ஓட வேண்டும். மழையைத் தகரம் பார்த்துக்கொள்ளும், வெயிலை ஓலை பார்த்துக்கொள்ளும். பதினாறு வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லையே.

மே 6

சரியாக 12 மணிக்கு வாசலில் இருக்கும் கொடிக்கம்பத்துக்கு நிழலே இல்லை. அதன் காலடியிலேயே சுருண்டுவிட்டது. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிற நாள் இது. இந்த நேரத்தில் சுவருக்கு வெயிலே இல்லை, எல்லாம் கூரைக்குத்தான். ஜன்னலோடு நான் ஒரு மாதமாகப் போராடியது பாதி வீண். தகரம் டிக் டிக் கூட நிறுத்திவிட்டது, விரிய இனி இடமில்லை போல.

அப்பா இன்று தண்ணீரைத் துப்பிவிட்டார். தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்பூனில் கொடுத்தேன். 5 மணிக்குமேல் சிறுநீர் போனார். நிறம் கறுப்பாக இல்லை.

மே 7

ஓலை வந்தது, இரண்டு வண்டி. ஊலே தன் மருமகளைக் கூட்டிவந்தார். அந்தப் பெண் கீழிருந்து எடுத்துக் கொடுக்க, அவர் மேலே கட்டினார். ஓடைச்சேற்று வாசனை வீடு முழுக்க. அப்பா மூக்கை இழுத்து இழுத்து மோந்தார்.

எனக்கு இப்போது நெருப்புப் பயம். காய்ந்த ஓலை, இந்த வெயில், கரண்ட் இல்லாததால் தெரு முழுக்கக் கரி அடுப்பு. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் புகைக் குழாய் எங்கள் வீட்டுப் பக்கமே பார்க்கிறது. ஒரு பொறி போதும். எங்கள் வாசலிலும் எல்லோர் வீட்டையும் போல எரியும் ஓலையை இழுத்துப் போடும் நெருப்புக் கொக்கியும் நெருப்பை அடித்து அணைக்கும் அடிப்பானும் சாய்த்துத்தான் வைத்திருக்கிறோம். இத்தனை நாள் அதை வெறும் சாமான் மாதிரிப் பார்த்தேன். இன்று கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன், என்னால் தூக்க முடிகிறதா என்று. முடிகிறது. ஆனால் அப்பாவைத் தூக்க முடியுமா? அவர் கட்டிலிலிருந்து வாசலுக்குப் பதினொரு அடி. இரவு இரண்டு முறை நடந்து எண்ணினேன். போர்வையோடு தரையில் இறக்கி இழுத்தால் முடியும். கட்டிலுக்கு அடியில் கெட்டியான போர்வை ஒன்றை விரித்து வைத்துவிட்டேன். அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டேன். ஜெனரேட்டரைத் திருப்பி வைக்கச் சொல்லி அப்வாவிடம் நாளைக்குக் கேட்க வேண்டும். கோபப்பட மாட்டார்.

ஒரு பயத்தைக் கொடுத்து இன்னொரு பயத்தை வாங்கியிருக்கிறேன். ஆனாலும் சரி.

மே 8

மத்தியானம் 2 மணி: 35. திரும்பப் போய்ப் பார்த்தேன். 35!

தகரத்தை உள்பக்கமிருந்து தொடவே பயப்படுவேன், இன்று கையாலேயே தொட்டேன். கை தாங்கியது. மத்தியானத்தில் டிக் டிக் கேட்கவில்லை. அந்தச் சத்தம் இல்லாததால் அப்பாவின் மூச்சு நன்றாகக் கேட்டது. அதையே உட்கார்ந்து கேட்டேன்.

சாயங்காலம் கண் திறந்து கூரையைப் பார்த்தார். “காத்து” என்றார். வேண்டும் என்கிறாரா, வருகிறது என்கிறாரா, தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தேன். தலையை ஆட்டினார்.

மே 9

தம்பியிடமிருந்து ஒரு செய்தி. நலம், அவ்வளவுதான். அப்பாவின் காதில் சொன்னேன்.

அப்வா ஜெனரேட்டரைத் திருப்பிவிட்டார்.

மே 10

தெற்கே மேகம். படவுக்கின் கீழே போய் அண்ணாந்து நின்றேன். கிளை நுனியில் பச்சையாக ஏதோ இருக்கிறது, மொட்டா, தளிரா, இருட்டிவிட்டது.

கரண்ட் வந்துவிட்டது. பம்பைப் போடணும்.